கரும்பிறையும் கத்தியும்

1902ஆம் ஆண்டு சூன் திங்கள் 24ஆம் நாள். ஏழாம் எட்வர்டு மன்னரின் முடிசூட்டு விழாவுக்கு இன்னும் இரண்டே நாள்கள். அயல்நாட்டு விருந்தினர் இலண்டனில் வந்து குழுமிவிட்டனர். வீதிகளில் தோரணங்கள் கட்டப்பட்டுவிட்டன. அந்நிலையில் பக்கிங்காம் அரண்மனையின் அறையொன்றில் அறுபது வயது மன்னர் மேசைமேல் கிடத்தப்பட்டார். மயக்க மருந்து கொடுக்கப்பட்டது. பிரெடெரிக் டிரீவ்ஸ் என்னும் அறுவை மருத்துவர் மன்னரின் வலப்பக்க அடிவயிற்றைக் கீறினார். உள்ளே சீழ் கட்டியிருந்தது. அதனை வடித்து வெளியேற்றியதோடு அவர் நிறுத்திக்கொண்டார். குடல்வாலை அகற்ற முற்படவில்லை. மன்னர் பிழைத்தெழுந்தார். ஒத்திவைக்கப்பட்ட விழா ஆகஸ்டுத் திங்கள் 9ஆம் நாள் நடந்தேறியது.

கத்தியைக் கையில் எடுக்குமுன் டிரீவ்ஸ் அறிந்திருந்தவை மிகச் சில. காய்ச்சல், வலி, கைக்குத் தட்டுப்பட்ட ஒரு வீக்கம், இவ்வளவே. செருமானிய அறிஞர் ரோண்ட்கன் ஊடுகதிரைக் கண்டறிந்தது 1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள். அக்கதிர் பிறந்து ஆறரை ஆண்டுகள் ஆகியிருந்தன. எனினும் மன்னரின் வயிற்றுக்குள் நடந்ததை அதனால் காட்ட இயலவில்லை. பேரரசின் தலைவருக்கே அன்று கிட்டிய சான்று, ஒரு மனிதரின் விரல்நுனி உணர்ந்த உணர்ச்சிதான்.

டிரீவ்ஸ் அவசரப்பட்டு அறுப்பவர் அல்லர். குடல்வால் அழற்சியில் சினம் தணியும்வரை காத்திருந்து, நோயாளி தேறிய பிறகே அறுக்க வேண்டும் என்னும் அணியைச் சார்ந்தவர் அவர். மன்னரின் அறுவைக்கு இரண்டாண்டுகளுக்கு முன்னர், 1900இல், அவருடைய மகளே குடல்வால் அழற்சியால் இறந்துபோனாள். அரண்மனையில் அவர் காட்டிய துணிவைப் புகழ்வோர் பலர். அத்துணிவின் பின்னால் நின்ற இந்தத் துயரத்தையும் உடன் எண்ணிப் பார்ப்பதே முறையாகும்.

அக்காலத்தில் இக்கேள்வி மருத்துவ உலகை இரண்டாகப் பிளந்திருந்தது. அறுப்பதா, பொறுப்பதா? 1886இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து ரெஜினால்ட் பிட்ஸ் என்பார், வலப்பக்க அடிவயிற்றில் தோன்றும் உயிர்கொல்லி அழற்சிகளுக்குப் பெரும்பாலும் மூலமாக இருப்பது குடல்வாலே என நிறுவி, அந்நோய்க்கு ஒரு பெயரும் இட்டார். துளை விழுவதற்கு முன்பே அறுக்க வேண்டும் என்றும் வற்புறுத்தினார். மூன்றாண்டு கழித்து நியூயார்க் நகரத்து மக்பர்னி, விரலால் அழுத்தினால் வலி மிகும் ஓரிடத்தைக் குறித்துக் காட்டினார். கொப்பூழிலிருந்து வலது இடுப்பெலும்பின் முனைவரை ஒரு கோடு கிழித்தால், அவ்வெலும்பிலிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குத் தொலைவில் அவ்விடம் அமையும். இன்றும் மருத்துவ மாணவர் அதனை மக்பர்னி புள்ளி என்றே கற்கின்றனர்.

வயிற்று வலிக்குத் தமிழ் மொழி சூலை என்று பெயரிட்டுப் பல நூற்றாண்டுகள் ஆகின்றன. எம்மொழியிலும் வலிக்குப் பெயர் இருந்தது. வலியின் முகவரிதான் தெரியவில்லை. அம்முகவரியைக் கையாலும் காதாலும் தேடும் கலையை முழுமையாக எழுதிவைத்தவர் இலண்டன் மருத்துவர் சக்கரி கோப். 1921இல் அவர் வெளியிட்ட சிறுநூல், வயிற்றில் திடீரெனத் தோன்றும் கடுநோய்களை முன்கூட்டி அறிவது பற்றியது. அதுவரை நலமாயிருந்த ஒருவருக்குக் கடும் வயிற்று வலி கண்டு ஆறு மணி நேரத்துக்கு மேலும் நீடித்தால், அது பெரும்பாலும் அறுவை மருத்துவரின் பொறுப்பாகவே முடியும் என்பது அந்நூலின் புகழ்பெற்ற கருத்து. 1947இல் இதே பொருளை அவர் ஸீட்டா என்னும் புனைபெயரில் பாட்டாகவும் எழுதி வெளியிட்டார். நாடியும் மருந்தும் செய்யுளாகவே கற்பிக்கப்பட்ட சித்த மருத்துவ மரபை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பிராது; ஆனால் இருபதாம் நூற்றாண்டின் நடுவில், இலண்டன் அறுவை மருத்துவர் ஒருவர் யாப்பை நாடியது சுவையான செய்தியே.

ஊடுகதிரின் கதைக்குத் திரும்புவோம். நெஞ்சையும் எலும்பையும் அது எளிதில் காட்டிற்று. வயிற்றைக் காட்டத் திணறியது. காரணம் இதுதான். கல்லீரல், மண்ணீரல், குடற்சுவர், குருதி, சீழ் ஆகிய யாவும் கதிரைத் தடுக்கும் ஆற்றலில் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே படத்தில் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாய்க் கலந்துவிடுகின்றன. அங்கே தனித்துத் தெரியக்கூடியது காற்று மட்டுமே. காற்று கதிரைத் தடுப்பதில்லை. எனவே படத்தில் கறுப்பாக விழும். வயிற்றுப் படத்தின் வரலாறு முழுவதையும், காற்று இருக்கக்கூடாத இடத்தில் இருப்பதைத் தேடிய வரலாறு என்று கூறிவிடலாம்.

இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ உள்ள புண் ஆழமாகித் துளை விழுந்தால், உள்ளிருக்கும் காற்றும் அமிலமும் வயிற்றறைக்குள் கொட்டுகின்றன. நோயாளிக்குக் கத்தியால் குத்தியது போன்ற வலி. வயிறு பலகையாய் இறுகிவிடும். 1892இல் செருமானிய மருத்துவர் ஹொய்ஸ்னர் இத்தகைய துளையொன்றைத் தைத்து நோயாளியைப் பிழைக்க வைத்தார். அதன்பின் கேள்வியெல்லாம், எவ்வளவு விரைவில் கண்டுபிடிப்பது என்பதாகவே ஆயிற்று. 1910களில் மருத்துவர்கள் ஒன்றைக் கண்டறிந்தனர். நோயாளியைச் சிறிது நேரம் நிமிர்த்தி உட்காரவைத்தால், வெளியேறிய காற்று மேலெழுந்து உதரவிதானத்தின் அடியில் சென்று தங்கும். வலப்பக்கத்தில் உதரவிதானத்துக்கும் கல்லீரலுக்கும் இடையே மெல்லிய கரும்பிறை ஒன்று படத்தில் தோன்றும். அதனைக் கண்டவுடன் அறுவைக்கூடத்தை ஆயத்தம் செய்வர். ஊடுகதிர்ப் படங்களில் இத்துணைச் சிறிய கோடு இத்துணைப் பெரிய ஆணையிட்டது வேறெங்கும் இல்லை எனலாம். முறையாக எடுக்கப்படின் 1 மில்லிலிட்டர் காற்றையும் அப்படம் காட்டக்கூடும் என 1971இல் வெளிவந்த ஆய்வொன்று மெய்ப்பித்தது.

ஆயினும் கரும்பிறை ஏமாற்றவும் செய்யும். 1910இல் வியன்னாவில் பணியாற்றிய கிரேக்க மருத்துவர் கிலைடிட்டி, சிலருக்குப் பெருங்குடலின் ஒரு மடிப்பு கல்லீரலுக்கும் உதரவிதானத்துக்கும் இடையே இயல்பாகவே நுழைந்திருப்பதை எடுத்துரைத்தார். படத்தில் அதுவும் கறுப்பாகவே விழும். விரைந்து கத்தி எடுத்தால், நலமான வயிறொன்று வீணாகத் திறக்கப்படும். வயிற்றில் அறுவை முடிந்து சில நாள் வரையில் உள்ளே காற்றுத் தங்கியிருப்பதும் உண்டு. மறுபுறம், துளை விழுந்தவர்களிலேயே ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குப் பிறை தோன்றுவதில்லை. பிறை இல்லை என்று எண்ணி வீட்டுக்கு அனுப்பப்பட்டவரின் கதி என்னவாகும்?

நிமிர்ந்து உட்காரவே இயலாத நோயாளிகளும் இருந்தனர். அவர்களுக்காகச் சிந்தித்தவர் அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்து லியோ ரிக்ளர். வழக்கமாகக் குடலின் உட்புறக் காற்றுதான் படத்தில் தெரியும்; அதனால் குடற்சுவரின் உள்விளிம்பு மட்டுமே கோடாக விழும். வெளிப்புறத்திலும் காற்று சூழ்ந்துவிட்டால் சுவரின் இரு விளிம்புகளும் தெளிவாகத் தெரியும். மல்லாந்து படுத்த நிலையில் எடுத்த படத்திலும் இதனைக் காணலாம் என்று 1941இல் அவர் எழுதினார். கண்ணுக்குத் தெரியும் ஒன்று, கூடுதல் தெளிவாகத் தெரிவதே ஆபத்தின் அடையாளம் என்னும் இந்நுட்பம் இன்றும் பயில்வோரை வியக்க வைக்கிறது.

குடல் அடைபட்டால், காற்றும் நீரும் படிப்படியாய்த் தேங்கி ஏணிப்படிபோல் தோன்றும். பெருங்குடலின் இடப்பக்க வளைவு முறுக்கிக்கொண்டால், பெரியதொரு காப்பிக் கொட்டை வயிற்றை நிறைத்தாற்போன்ற வடிவம் வரும். முன்பு அதுவும் கத்திக்கே உரிய அடையாளமாயிருந்தது. 1947இல் நார்வே மருத்துவர் புரூஸ்கார்டு, ஆசனவாய் வழியே குழாய் செலுத்தி முறுக்கை அவிழ்த்த தம் அனுபவத்தை வெளியிட்டார். குடல் உயிரோடிருக்கும்வரை இம்முறையே இன்றும் முதலில் முயலப்படுகிறது. படம் மாறவில்லை, அதன் பொருள் மாறியது. இத்தகைய மாற்றம் பின்னரும் பலமுறை நிகழ்ந்தது.

காற்றை நம்பாத கருவியொன்று ஸ்காட்லாந்தில் பிறந்தது. கிளாஸ்கோ நகரத்து மகப்பேற்று மருத்துவர் இயன் டொனால்ட், உலோகத்தில் விரிசல் தேடப் பயன்பட்ட மீயொலிக் கருவியால் உடலையும் ஆராயலாமோ என்று எண்ணினார். 1955ஆம் ஆண்டு சூலைத் திங்களில், அறுவையில் எடுக்கப்பட்ட கட்டிகளை இரண்டு கார்களின் பின்பெட்டிகளில் ஏற்றிக்கொண்டு கொதிகலன் தொழிற்சாலை ஒன்றுக்குச் சென்றார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்குத் தொழிற்சாலையார் மாட்டிறைச்சித் துண்டொன்றை வைத்திருந்தனர். நீர்க்கட்டியும் திண்மக் கட்டியும் வெவ்வேறு எதிரொலி தந்தன. பொறியாளர் டாம் பிரவுனும் மருத்துவர் மக்விக்காரும் அவருக்குத் துணைநின்றனர். அந்நாளில் பெண்ணொருவர் வயிறு பெருத்து வந்தார். இரைப்பைப் புற்றுநோய் முற்றி நீர்கோத்துவிட்டது, அறுத்துப் பயனில்லை என்பது மூத்த மருத்துவர்களின் முடிவு. டொனால்டின் கருவியோ பெரியதொரு நீர்க்கட்டியின் எல்லைகளைக் காட்டிற்று. அறுத்தனர், சூலகத்து நீர்க்கட்டியை அகற்றினர், அப்பெண் நலம் பெற்றார். கை தவறிய இடத்தில் ஒலி வென்ற இச்செய்தி, 1958ஆம் ஆண்டு சூன் 7ஆம் நாள் லான்செட் ஏட்டில் வெளிவந்த கட்டுரையில் இடம்பெற்றது.

அடுத்து வந்தது ஹவுன்ஸ்ஃபீல்டின் கணிப்பொறி ஸ்கேன். இசைத்தட்டு வெளியிட்டுப் புகழ்பெற்ற ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியாளர் அவர். 1971ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் இலண்டனுக்கருகே ஒரு நோயாளியின் மூளையை அக்கருவி முதன்முதலாய்ப் படம்பிடித்தது. வயிறு ஓயாது அசையும் உறுப்பாதலின், சில நிமிடங்கள் பிடித்த பழைய கருவிக்கு அது வசப்படவில்லை. நொடிக்கணக்கில் படமெடுக்கும் கருவிகள் 1970களின் நடுவில் வந்தபின்பே வழி திறந்தது. 1979இல் ஹவுன்ஸ்ஃபீல்டும் கார்மாக்கும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். அவர் பெயரால் அமைந்த அளவுகோலில் நீருக்குச் சுழியம். காற்றுக்குக் கழித்தல் 1000. ஊடுகதிரில் கண்ணுக்கெட்டாத கடுகளவுக் குமிழியும் இனி ஒளிந்துகொள்ள இயலாது என்பது இதன் பொருள்.

இங்கேதான் வரலாறு ஒரு விந்தையான திருப்பத்தைக் காண்கிறது. குடற்சுவர் அழுகும்போது, காற்று அச்சுவருக்குள் நுழைந்து, குடலிலிருந்து கல்லீரலுக்குக் குருதி கொண்டுசெல்லும் போர்ட்டல் சிரையில் ஏறிவிடுவதுண்டு. கல்லீரலின் விளிம்புவரை கிளைவிட்ட கரிய மரம்போல் அது படத்தில் தெரியும். பித்தக் குழாய்களில் காற்றிருந்தாலும் கல்லீரலில் கருமை தோன்றும். ஆனால் அது நடுவிலேயே நின்றுவிடும். பித்தம் கல்லீரலின் ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒழுகுவது. போர்ட்டல் குருதியோ நடுவிலிருந்து ஓரத்துக்குப் பாய்வது. ஒழுக்கின் திசையே காற்றின் இருப்பிடத்தை முடிவு செய்கிறது. 1955இல் குடல் அழுகிய குழந்தைகளிடம் இக்கரிய மரம் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. 1978இல் அதுவரை அறியப்பட்ட 64 பெரியவர்களின் நோய்வரலாறுகளைத் திரட்டியபோது, நூற்றுக்கு 75 பேர் இறந்திருந்தனர். மருத்துவர் நெஞ்சில் அவ்வடையாளம் சாவோலையாகப் பதிந்தது. கண்டவுடன் வயிற்றைத் திற என்பதே விதியாயிற்று.

பின்னர் ஸ்கேன் பரவியது. 2001இல் மற்றோர் ஆய்வு 182 பேரைத் திரட்டியது; இறந்தோர் நூற்றுக்கு 39. நோய் இளகிவிட்டதா? இல்லை. சாவின் விளிம்பில் நிற்போரிடம் மட்டுமே ஊடுகதிர் கண்ட காற்றை, ஸ்கேன் இலேசான அழற்சியிலும், குடலை உள்நோக்கும் சோதனைக்குப் பின்னும்கூடக் கண்டுவிடுகிறது. கூரிய கண் வந்ததும் பழைய அடையாளத்தின் அதிகாரம் குறைந்துபோயிற்று. இன்று கரிய மரத்தைக் காணும் மருத்துவர், உடன் வேறென்ன இருக்கிறது என்று தேடுகிறார்: குடற்சுவர் குருதியேற்றுப் பொலிகிறதா, வெளுத்துக் கிடக்கிறதா? இரத்த அழுத்தம் சரிந்துவிட்டதா? வயிறு இறுகியிருக்கிறதா? இவை கூடினால் கத்திதான், கூடாவிட்டால் கண்காணிப்பு.

மண்ணீரலின் கதையும் இவ்வாறானதே. விபத்தில் அது கிழிந்தால் உடனே அகற்றிவிடுவது நெடுங்கால வழக்கம். 1952இல் வெளிவந்த கட்டுரையொன்று, மண்ணீரலை இழந்த ஐந்து குழந்தைகளைப் பிற்காலத்தில் கடும் நோய்த்தொற்றுகள் தாக்கியதை எடுத்துக்காட்டியது. அவ்வுறுப்பைக் காப்பாற்றும் எண்ணம் வலுப்பெற்றது. டொரொன்டோ நகரத்துக் குழந்தை மருத்துவர்கள் 1968இல், அறுக்காமலே பல சிறுவர் தேறியதை வெளியிட்டனர். எவரைக் காத்திருக்க வைக்கலாம் எனத் துணிந்து சொல்ல ஸ்கேன் உதவியது. 1990களில் அவசரப் பிரிவின் படுக்கையருகிலேயே மீயொலிக் கருவி வந்துசேர்ந்தது. கல்லீரலுக்கும் வலச் சிறுநீரகத்துக்கும் இடைப்பட்ட பள்ளத்தில் கறுப்புப் பட்டையொன்று தெரிந்தால் அது தேங்கிய குருதி. நாடி ஓடி, அழுத்தம் விழுந்தவரானால் நேரே அறுவைக்கூடம். நிலையாக இருப்பவரானால் ஸ்கேன் அறை. ஒரே பட்டைதான், வழிகள் இரண்டு. நிலைகுலைந்தவரை ஸ்கேன் அறைக்குத் தள்ளிச்சென்று அங்கே இழந்துவிடுவது, கருவி தந்த புதுவகைத் தவறாகும்.

காத்திருக்கவே இடந்தராத அடையாளங்களும் உள. சிறுகுடலின் ஒரு மடிப்பு இரு முனைகளிலும் நெரிபட்டு முறுக்கிக்கொண்டால், அதன் குருதிக் குழாய்கள் நீர்ச்சுழிபோல் சுற்றிக் கிடப்பதை ஸ்கேன் காட்டும். இச்சுழல் அடையாளம் 1981இல் விவரிக்கப்பட்டது. குருதியோட்டம் முற்றிலும் நின்ற குடல் ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் மீளாநிலை எய்தும். இங்கே தாமதம் என்பது அறுத்தெடுக்கும் குடலின் நீளமாகவோ, நோயாளியின் உயிராகவோ கணக்குத் தீர்க்கப்படும். குருதிக் குழாய் அடைபட்ட தொடக்க நேரத்திலோ, வலி தாங்கவொண்ணாததாய் இருக்க, வயிறு தொட்டால் மென்மையாகவே இருக்கும். குழாய்க்கு மருந்து செலுத்தாமல் எடுத்த ஸ்கேனும் பெரிதாக எதையும் காட்டாது.

மன்னரின் நோய்க்கு மீண்டு வருவோம். 1986இல் நெதர்லாந்தின் மருத்துவர் பைலார்ட், மீயொலிக் கருவியின் முனையால் அடிவயிற்றை மெல்ல மெல்ல அழுத்திப் பார்க்கும் முறையை வகுத்தார். நலமான குடல் நசுங்கும். அழற்சியுற்ற குடல்வால் நசுங்காது. மக்பர்னியின் விரல் இருந்த இடத்துக்கே கருவி வந்து சேர்ந்ததைக் கவனிக்கலாம். ஸ்கேன் இல்லாத நாளில், அகற்றிய குடல்வால்களுள் ஐந்தில் ஒன்றுவரை நலமானதாயிருந்தாலும் அதனை ஏற்றுக்கொண்டனர். துளை விழவிடுவதைவிட அது மேலெனக் கருதப்பட்டது. 1998இல் பாஸ்டன் நகரில் 100 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், ஸ்கேனின் முடிவு நூற்றுக்கு 98 முறை சரியாயிற்று.

அவ்வளவு தெளிவாகத் தெரிந்தபின், அறுத்தே ஆகவேண்டுமா என்ற பழைய வழக்கு மறுபடியும் எழுந்தது. ஃபின்லாந்தின் ஆறு மருத்துவமனைகள் 530 நோயாளிகளைச் சேர்த்து, 2015இல் முடிவை வெளியிட்டன. துளையோ சீழோ கல்லோ இல்லை என்று ஸ்கேன் உறுதிசெய்தவர்களே அவ்வாய்வில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் நுண்மக்கொல்லி மருந்து மட்டும் பெற்றவர்களில், ஓராண்டுக்குள் நூற்றுக்கு 27 பேருக்கு அறுவை தேவைப்பட்டது. ஐந்தாண்டில் அது 39 ஆயிற்று. எஞ்சியோர் குடல்வாலோடு வாழ்கின்றனர். 2020இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு 1552 பேரைக் கொண்டது. குடல்வாலில் கல் தெரிந்தவர்களுக்கு மருந்து மட்டும் கொடுத்தபோது, 90 நாள்களில் நூற்றுக்கு 41 பேர் அறுவைக்குச் சென்றனர். கல் இல்லாதவர்களில் 25 பேர். படத்தில் அரிசிமணி போல் தோன்றும் வெண்புள்ளியொன்று இவ்விரு கூட்டத்தாரையும் பிரித்தது.

டிரீவ்ஸும் காத்திருந்தார்; இன்றைய மருத்துவரும் காத்திருக்கிறார். மன்னரின் சீழ்க்கட்டியும் இக்காலமாயின் பெரும்பாலும் ஸ்கேனின் வழிகாட்டலில் ஊசிக்குழாய் செருகியே வடிக்கப்பட்டிருக்கும். வயிற்றைக் கீறும் தேவை நேர்ந்திராது.

சக்கரி கோப் 1974இல் மறைந்தார். அவருடைய சிறுநூலைப் பாஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர் வில்லியம் சைலன் தொடர்ந்து திருத்தி வெளியிட்டுவந்தார். ஸ்கேன் பற்றிய செய்திகளும் அதில் இடம்பெற்றன. 2010இல் வந்த 22ஆம் பதிப்பின் அட்டையிலும் நூலின் தலைப்பு கோப்பின் பெயரோடுதான் தொடங்குகிறது.